புள்ளியை நடக்க வைத்தவள்

வேப்பெண்ணெயைச் சுடவைத்தால் எழும் அந்தக் கசப்பு வாடைக்கு மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கோ பல்லைக் கடிக்கத் தோன்றும். தொண்ணூறுகளின் நடுவில், கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையை ஒட்டிய குடிசை வரிசையில், பத்து வயதில் மூன்று வாரம் நான் அந்த எண்ணெயோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் மேய்ந்த கோழிக்குப் "புள்ளி" என்று பெயர். "தண்ணி லாரி" வந்த ஒரு காலையில், பெண்கள் முண்டியடித்த நெரிசலில் நிறைகுடம் ஒன்று கைநழுவி அதன் காலில் விழுந்தது. எலும்பு முறிந்து, எழ முடியாமல் சேற்றில் இறக்கையை அடித்துக்கொண்டு கிடந்ததை மடியில் அள்ளி வந்தேன். அடுத்த வேளையே குழம்புக்குப் போய்விடும் என்று எனக்குப் பயம். ஆனால் நைனா, பெயின்டர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் அப்பா, வேறு மாதிரி சொன்னார்: "வுட்ராத கண்ணு. நீதான் பாத்துக்கினு எய்ந்து நடக்க வெக்கணும்."

அந்த ஒரு வார்த்தையில் உருகிப்போனேன். ஐஸ் குச்சிகள் இரண்டை வைத்து, என் பள்ளிக்கூட ரிப்பனால் காலைக் கட்டினேன். காலையும் மாலையும் மஞ்சள் குழைத்த வேப்பெண்ணெய் தடவினேன். நைனாவின் கிழிந்த பனியனில் இரண்டு ஓட்டை போட்டு, அதில் கால்களை நுழைத்து, பாதம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கூரைக் கழியில் தொங்கவிட்டது அம்மாவின் யோசனை. அதற்கு "புள்ளித் தூளி" என்று பெயர் வைத்தோம். நொய்யை ஊறவைத்து உள்ளங்கையில் ஏந்தி ஊட்டினேன். மூன்று வாரமும் விளையாடப் போகவில்லை.

ஆடி பிறந்த சில நாளில் புள்ளி நாலு எட்டு வைத்தது. "நைனா, நடக்குது பாரு!" என்று தெருவே கேட்கக் கத்தியவள் நான்தான். நைனா கட்டை அவிழ்த்து, வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு முறை அதை நடக்கவிட்டுப் பார்த்தார். குனிந்து அதன் விரல்களைக்கூட விரித்துப் பார்த்தார். என் வேலையை மெச்சுகிறார் என்று பூரித்து நின்றேன். எவ்வளவு பெரிய மக்கு!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். நான் தூக்குவாளியோடு வரிசையில் நின்றபோது, நைனா புள்ளியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். அதன் தலையில் மஞ்சளும் குங்குமமும். கால் சரியானதற்குக் கும்பிட அழைத்து வருகிறார் என்றே நினைத்தேன். பூசாரி தண்ணீர் தெளித்தார். புள்ளி உடம்பைச் சிலுப்பியது. "ஆத்தா ஏத்துக்கினா," என்றது கூட்டம். நான் கண்ணை மூடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: "உனக்கு அம்மை போட்டப்போ வேண்டிக்கினதுடி. நொண்டிக் கோயிய ஆத்தாளுக்குக் குட்த்தா குத்தமாயிடும். உன் உசுருக்குத்தான் குட்த்தோம், இன்னாத்துக்கு அய்வுற?"

நொண்டியாகவே விட்டிருந்தால் அது பிழைத்திருக்கும்! அன்று ராத்திரி புள்ளியைப் போட்டு வைத்த குழம்புச் சட்டியை எட்டி உதைத்தேன். முதுகில் நன்றாக வாங்கினேன்.

ஆற்றங்கரையில் இன்று அந்தக் குடிசைகள் இல்லை. எங்களை ஊருக்கு வெளியே மாடிக் குடியிருப்பில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். அங்கே கோழி கிளற மண்ணே கிடையாது. முட்டி தேய்ந்த நைனாவுக்கு நான்தான் கால் பிடித்துவிடுகிறேன், நல்லெண்ணெயால். வேப்பெண்ணெய் என் வீட்டுக்குள் வராது.

போன வாரம் அதைக் கவனித்துவிட்டுக் கேட்டார்: "ஒரு கோயிக்கா இன்னும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற?"

"குட்த்ததுக்கு இல்ல நைனா. என் கையாலயே அது கால சரிபண்ண வெச்சியே, ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா நீ கட்டுப் போட்டிருப்பியா?" என்றார், சாதாரணமாக.

சின்னப் பெண்ணிடம் சொல்லத் தோன்றாமல் விட்டிருப்பார் என்று எண்ணித்தான் இத்தனை வருஷத்தில் அவரைப் பாதி மன்னித்து வைத்திருந்தேன். அந்தப் பாதியையும் அன்றைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.