ஆடி மாதத்துச் சிவப்புப் புள்ளி

பதினொரு ஆண்டுகள் ஒரு பொய்யை வரைபடத்தில் விட்டு வைத்திருந்தேன். போன வருடம்தான் அது அழிந்தது. எழுபத்தாறு வயதில் எனக்கு வாய்த்த பெரிய வெற்றி அதுதான். தவறைச் செய்தவனும் நானே என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

பணி ஓய்வுக்குப் பின் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் நில அளவைப் பொறியாளராக இருந்தேன். விமான நிலையத்தின் அடுத்த இருபது ஆண்டுகளுக்கான திட்டம் எங்களிடம் வந்திருந்தது. பயணிகள் பெருகிக்கொண்டே இருந்தார்கள். நிலம் பெருகவில்லை. ஒரு பக்கம் குன்று, ஒரு பக்கம் ஆறு, மற்ற பக்கமெல்லாம் வீடுகள். ஓடுதளத்தை நீட்ட வழியில்லாததால், இருப்பதில் ஓர் அடிகூட வீணாகக் கூடாது என்பதே எங்கள் வேலை.

விமானம் இறங்கும் பாதைக்குக் கீழே, உயர வரம்பாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு உண்டு. எந்தக் கட்டடமும் அதைத் தொடக் கூடாது. தொட்டால் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி. மாங்காட்டுப் பக்கம் ஒரு மொட்டை மாடியில் கருவியை வைத்துப் பார்த்தபோது, தென்னைகளுக்குப் பின்னால் ஒல்லியாக ஏதோ உயர்ந்து நின்றது. அதனடியில் ஒரு வீடு. மாடிப்படி அறையின் மேல் தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். உதவியாளர், “நடந்து போய்ப் பாத்துட்டு வரட்டுமா சார்?” என்றார். நல்ல வெயில், பசி. “வேணாம், குறிச்சுக்கோ” என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனேன். வீட்டுக்கு மாடியே இல்லை. பக்கத்தில் சவுக்குக் கழிகளை அவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆடித் திருவிழாவுக்கு அம்மன் உருவத்தில் சீரியல் பல்பு கட்டி நிறுத்திய தட்டி அது. பகலில், பக்கவாட்டில் பார்த்து அதைக் கட்டடம் என்று எழுதியிருக்கிறேன். அறிக்கை அதற்குள் கையெழுத்தாகிப் போயிருந்தது. திருத்தினால் என் பேர் கெடும் என்று பயந்தேன். வாயைத் திறக்கவில்லை. இதில் கவனக்குறைவு பாதி, கோழைத்தனம் பாதி.

அந்தப் புள்ளிக்காக, விமானங்கள் தரை தொடும் இடத்தை உள்ளே தள்ளினார்கள். அரும்பாடுபட்டுக் கிடைத்த ஓடுதளத்தில் ஒரு துண்டு பயனில்லாமல் கிடந்தது. வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். மகள் குடும்பத்துக்காக மாடி கட்ட அனுமதி கேட்கும்போதெல்லாம், ‘ஏற்கெனவே உயரம் மீறிய வீடு’ என்று மனு திரும்பி வந்தது. மகள் ஆவடியில் வாடகை வீட்டிலேயே இருந்தாள்.

போன வருடம் புதிய திட்டம் தொடங்கியது. அயனம்பாக்கத்தில் என் ஃபிளாட்டில் இருந்தபோது ஓர் இளம் பெண் பொறியாளர் போனில் அழைத்தார். “சார், ட்ரோன் சர்வேல அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. நடுவுல இடிச்சிருப்பாங்களோ? அப்படின்னு எழுதி முடிச்சிடலாமா?”

எனக்கு அது எத்தனை வசதியான பதில்! ஆனால் அப்படி எழுதினால் அந்த மனிதர் விதியை மீறிக் கட்டி இடித்தவராகவே கோப்பில் இருப்பார்.

“இடிக்கல அம்மா. அங்க எப்பவுமே எதுவும் இருந்ததில்ல. தப்பு என்னோடது. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

கடிதத்தில் போட வேண்டிய கோப்பு எண்ணைச் சொன்னார். பிறகு, “தாங்க்ஸ் சார்” என்றார்.

கடிதம் கொடுத்த கையோடு அந்த வீட்டுக்குப் போனேன். எல்லாம் சொன்னேன். வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“இன்னா பெர்சு, எங்க ஊட்டு மேல அம்மனையே குடி வெச்சிட்டுப் போய்க்கீறியே! ஆத்தா காலி பண்ண பதினோரு வர்ஷமா?”

சிரிப்பு சட்டென்று நின்றது. “நான் ஆபீஸ் ஆபீஸா போயி, மாடியே இல்ல சார், வந்து பாருன்னு கத்திக்கினு கீறேன். ஒர்த்தன் நம்பல. நீ அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கணும்” என்றேன்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. மறுபடி அளந்தார்கள், புள்ளியை எடுத்தார்கள். தரை தொடும் இடம் பழையபடி வெளியே நகர்ந்தது. குன்றையும் ஆற்றையும் தொடாமல், ஒரு வீட்டையும் இடிக்காமல் திட்டத்துக்கு ஓடுதளம் கூடுதலாகக் கிடைத்தது. “புதுசா நிலம் வாங்கின மாதிரி சார்!” என்று அந்தப் பெண் போனில் கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். பக்கத்து ஃபிளாட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்காரருக்கு அனுமதியும் வந்தது. தண்ணீர்த் தொட்டியையும் இடிதாங்கியையும் சேர்த்து உயரம் குறித்திருந்தார்கள். மாடிக்குக் கான்கிரீட் போட்ட அன்று என்னையும் கூப்பிட்டார். மிக்சர் இரைச்சலில் ஆட்கள் சட்டி சட்டியாகக் கைமாற்றிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் ஒரு விமானம் தாராளமான உயரத்தில் இறங்கிப் போனது. வீட்டுக்காரர் அதைப் பார்த்து விசிலடித்தார்.

மகள் என் கையில் டீ கொடுத்தாள். “என் பொண்ணு அப்போ எல்கேஜி சார். இப்போ பத்தாவது முடிச்சிட்டா. அவளுக்குன்னு ஒரு ரூம் வேணும்னு அப்போ பிளான் போட்டோம்.”

அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மேலே கையைக் காட்டி, “தோ, அந்த மூலைதான் சார், அவ ரூம்” என்றாள். அங்கே அப்போதுதான் கான்கிரீட்டைத் தட்டிச் சமன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.