மாமனுக்கு ஆகாத மாத்திரை

1976 ஜூன் தொடக்கம், மழை பிடித்துக்கொண்ட வாரம். மீனாட்சிபுரத்தில் என் மாமியார் வீட்டில் விடுமுறையைக் கழித்துவிட்டு ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிய பிள்ளைகள் இருவரும் மலேரியாவையும் கூடவே கூட்டி வந்தார்கள். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு.

தோட்டத்து மலையாள டாக்டர் இருவரையும் கொழுந்து நிறுக்கும் தராசில் உட்காரவைத்து எடை பார்த்தார்.

"பெரியவங்க மாத்திரையில பாதி குடுத்தா போதாதா?" என்றேன். தோட்டத்துக் கணக்கில் சிறுவர்களுக்கு அரைப்பேர் என்று அரைக்கூலி போடுகிற பழக்கம் எனக்கு.

"பிள்ளைகள் அரை ஆள் இல்லை, கேட்டோ! அவங்க ஈரல் இப்பவும் வளர்ந்துட்டிருக்கு. கணக்கே வேற."

காய்ச்சல் இறங்கியது. அது திரும்பி வராமலிருக்க இன்னொரு மாத்திரை தந்தார். அதைத் தின்னத் தொடங்கிய சில நாட்களில் மகனின் சிறுநீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போயிற்று. கண் மஞ்சளாகி, துவண்டு கிடந்தான். மகளோ அதே மாத்திரையைத் தின்றுவிட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் யோசித்தார். நோய் முற்றியதென்றால் மருந்தைத் தொடர வேண்டும். மருந்தே வினையென்றால் உடனே நிறுத்த வேண்டும். "இவனுடைய தாய்மாமனுக்குச் சின்ன வயசில இப்படி வந்திருக்கா?"

பக்கத்து லயத்து வீட்டிலிருந்து ஓடிவந்திருந்த என் அக்கா விடவில்லை. "ஏன் டாக்டரய்யா, மாமன் சீரு கொண்டாந்தாத்தான் வைத்தியம் பாப்பியளோ?"

நான் சிரித்துவிட்டேன். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் தம்பிக்கும் என் அக்கா மகளுக்கும் ஆவணியில் தட்டு மாற்றுவதாகப் பேச்சு. அவள் மகனைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி மகனைப் பார்த்தாள்.

"வந்துச்சுங்க. எந்தம்பிக்கு ஆறு வயசுல, மலேரியா மாத்திரை தின்னு இதே மாதிரி கறுப்பாப் போச்சுங்க. பொழைக்கறதே கஷ்டம்னாங்க. சம்பந்தம் கெட்டுப்போயிரும்னு ஊட்ல வெளிய சொல்ல உடலீங்க."

டாக்டர் மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு சத்து சிலருக்குப் பிறவியிலேயே குறைவாம். தாய் வழியாக மகனுக்கு வரும். பெண்கள் பெரும்பாலும் அதைச் சுமந்துகொண்டே சுகமாக இருப்பார்கள். "வேற குறை ஒண்ணுமில்லை. இந்த மாத்திரை வேண்டாம், பாச்சை உருண்டை வேண்டாம். அவ்வளவுதான்."

ரத்த வகைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருக்கிறேன். மருந்தும் வம்சம் பார்க்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சிறுநீர் மெல்லத் தெளிந்தது. அதுவரை அக்கா கஞ்சி கொண்டுவந்து வைப்பாள், பேசாமல் போவாள். மகன் எழுந்து உட்கார்ந்து புட்டு கேட்ட காலையில்தான் என் மனைவியிடம் வாய் திறந்தாள்.

"ஏட்டி, ஒந்தம்பிக்கு அந்த மாத்திரைதான ஆகாது? எம்மவ ஆவால்லா?"

"நல்லா ஆவாளுங்க, மதினி" என்றாள் என் மனைவி, மூக்கைச் சிந்திக்கொண்டே.