மாற்றி மாற்றிக் காட்டிய முகம்

பவுடர் வாசனை... செங்கல்பட்டில் நான் போட்டோ எடிட்டிங் வேலை பார்த்த ஸ்டுடியோ என்றால் எனக்கு முதலில் அதுதான் நினைவு வரும். கண்ணாடி ஓரத்தில் டப்பாவும் சீப்பும் இருக்கும். வருகிறவர்கள் எல்லாம் அப்பிக்கொள்வார்கள்.

அதற்கு மேல் கம்ப்யூட்டரில் நாங்கள் ஒரு கோட்டிங். கல்யாணப் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். "கலர் தூக்கும்மா" என்பார் ஓனர்.

அப்போது ஒரிஜினலையும் எடிட் செய்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பெரும்பாடு. ஒன்றை மூடி இன்னொன்றைத் திறக்க வேண்டும். சிஸ்டம் திணறித் திறப்பதற்குள் முதல் படம் கண்ணுக்கே மறந்துவிடும். கஸ்டமருக்கோ ஒரிஜினலைக் காட்டவே மாட்டோம்.

எனக்கு எரிச்சலாக வரும். இரண்டையும் ஒரே ஃபைலில் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கப் பழகினேன். ஓரத்தில் ஒரு குட்டிக் கண் படம்... அழுத்தினால் மேலே இருப்பது மறையும், மறுபடி அழுத்தினால் வரும்.

வேடந்தாங்கல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருத்தி தன் கல்யாண ஆல்பம் பார்க்க வந்தாள். மாமல்லபுரம் கடற்கரையில் அவளும் அம்மாவும் தோளோடு தோள் நிற்கும் படம். இருவருக்கும் ஒரே நிறம், ஒரே சிரிப்பு. ஓனர் சொல்படி அவளை மட்டும் வெளுக்க வைத்திருந்தேன்.

அதை மட்டும் காட்ட மனசு ஒப்பவில்லை. அந்தக் கண் படத்தை அழுத்தினேன்.

"யக்கா, இன்னொரு வாட்டி போடு."

மாற்றி மாற்றிக் காட்டினேன்.

"எங்கம்மா பக்கத்துல வேற யாரோ நிக்கிறா மாரி கீது. பழசையே போடுக்கா."

ஓனர் எழுந்து வந்துவிட்டார். "இன்னாம்மா பண்ணிகினு கீற? வேல வேணுமா, வேணாவா?"

"வேணும்ணா. ஆனா அது அந்தப் பொண்ணு மூஞ்சி, அவ சொல்றதுதான் ஆல்பத்துல."

ஆல்பம் அவள் கேட்ட பழைய படத்தோடே போனது. அந்த மாதக் கடைசியில் என்னையும் அனுப்பிவிட்டார். பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். வருத்தப்பட்டு இல்லை, கோபத்தில்.

இப்போது வீட்டிலேயே சொந்தமாக எடிட்டிங். படத்தின் நடுவில் ஒரு கோடு... விரலால் இழுத்தால் எடிட்டுக்கு முன்பு ஒரு பக்கம், பின்பு ஒரு பக்கம். இந்த வசதிக்கு அன்று எவ்வளவு ஏங்கியிருப்பேன்...

ஆனால் சில ஆப்கள் படத்தைத் திறந்ததுமே தானாக வெளுத்துத் தருகின்றன. கேட்கிறவர்களும் மாறவில்லை. போன வாரம் கல்யாணப் பெண்ணோடு வந்த மாப்பிள்ளையின் அக்கா, "பொண்ண கொஞ்சம் கலராக்கிடுங்க" என்றார். "பொண்ணு சொல்லட்டும்" என்று ஸ்க்ரீனை அவள் பக்கம் திருப்பினேன். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

அன்று போனது வேலை. இன்று ஆர்டர்தானே போகும்... போகட்டும்.