தண்டம் கட்டிய குரோட்டன்

1963 ஓகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணி. கச்சான் காற்று வீசியது. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. சந்தேகப்படுவோர் பழைய கலண்டரைப் பார்க்கலாம். எனக்கு ஒன்பது வயது.

அம்மாவின் தங்கையான சின்னம்மா என்னைக் கண்டாவளைப் பக்கத்துத் தென்னந்தோட்டப் பங்களாவுக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக்காரத் துரை ஒருவர் அங்கே வைத்த பூந்தோட்டம் இருபது வருடம் பற்றைக்காடாய்க் கிடந்தது. காணியை வாங்கிய முதலாளி, பழைய படமொன்றைப் பார்த்து, அதைப் பாத்திக்குப் பாத்தி முன்பிருந்தபடியே திருத்தியிருந்தார். ஞாயிறுகளில் சனம் போய்ப் பார்க்கலாம். வாசலில் ஒரு பலகை: செடி முறித்தால் தண்டம் இரண்டு ரூபா.

நான் பாத்திகளை எண்ணினேன். முப்பத்தாறு. சின்னம்மா ஒன்றைத்தான் பார்த்தார்: மஞ்சளில் சிவப்புப் புள்ளி விழுந்த, இலை முறுகிய ஒரு குரோட்டன். முப்பத்தேழாவது பாத்தி உண்டா என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது கொப்பு முறியும் சத்தம் கேட்டது. மறுகணம் அது சின்னம்மாவின் மடித்த குடைக்குள் போய்விட்டது.

வெயில் மண்டையைப் பிளந்தது.

"சின்னம்மா, சுடுது. குடையை விரியுங்கோவன்."

"பேசாமல் நட."

மூன்றாம் முறை நான் கேட்டது, வாசல் படலையில் நின்ற தோட்டக்காரக் கிழவருக்கும் கேட்டுவிட்டது.

"பெடியன் சொல்லுறது சரிதானே, பிள்ளை. இந்த வெயிலுக்கை குடையை ஏன் மடிச்சுப் பிடிச்சிருக்கிறியள்?"

வேறு வழியின்றிச் சின்னம்மா விரித்தார். கொப்பு கிழவரின் காலடியில் விழுந்தது. அவர் குனிந்தெடுத்துச் சின்னம்மாவிடமே நீட்டினார்.

"கேட்டிருந்தால் நானே தந்திருப்பன். கொண்டு போங்கோ."

எனக்கு மூச்சு வந்தது. சின்னம்மாவின் முகம் கறுத்துப்போனது.

"தரவேண்டாம் ஐயா. களவெடுத்தனான். தண்டத்தை வாங்குங்கோ."

"என்ன கதை இது?"

"கேட்டு வாங்கி நட்டது மூண்டும் பட்டுப்போச்சு. களவெடுத்து நட்டால்தான் வருமெண்டு சொல்லுகினம். இதாவது என்ரை கையிலை தங்கட்டும்."

 கிழவர் பங்களா வரை கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"கள்ளப் பொம்பிளை. வை இரண்டு ரூபாவை. இனி இந்தப் படலைக்குள்ளை காலடி வைச்சால் தெரியும்."

சின்னம்மா சிரித்தார். ஏச்சு வாங்கிக்கொண்டு சிரித்தவரை நான் அதற்குமுன் கண்டதில்லை. பஸ் காசு போக அவரிடம் ஒன்றே முக்கால் ரூபாதான் இருந்தது. மீதி இருபத்தைந்து சதத்துக்கு, ஐஸ்பழம் வாங்க நான் வைத்திருந்த காசைப் பிடுங்கினார். வட்டக்கச்சியில் வீடு வரும்வரை நான் அழுதேன்.

பதினேழாம் நாள் கொப்பு துளிர்த்தது. எண்ணச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். இரண்டு இலை. சின்னம்மா முற்றத்து மண்ணில் அப்படியே இருந்து அழுதார். முந்திய மூன்று வருடத்தில் அவருக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, பெயர் வைக்கும் முன்பே இறந்திருந்தன. "அவவின்ரை கையிலை ஒண்டும் தங்காது" என்று அயலார் சொன்னதை, செடிகளைப் பற்றிய பேச்சென்றே நான் நினைத்திருந்தேன்.

ஆகவே கையை நீட்டினேன்.

"துளிர்த்திட்டுதுதானே. என்ரை இருபத்தைஞ்சு சதத்தைத் தாங்கோ."

அழுகையோடு சேலை முடிச்சை அவிழ்த்து, பார்க்காமலே என் உள்ளங்கையில் வைத்தார். எண்ணினேன். ஐம்பது சதம் இருந்தது. கணக்கில் பிழைவிட்டுவிட்டார் என்று நினைத்து, ஒன்றும் சொல்லாமல் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.