நாய்க்கு வந்த காமாலை

நாயின் கண்ணில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்ததை ஒரு சனிக்கிழமை காலையில் பார்த்தேன். உதட்டை விலக்கிப் பார்த்தேன். ஈறும் மஞ்சள். அதற்கு முந்தைய இரண்டு நாளும் தின்றதையெல்லாம் கக்கிக்கொண்டிருந்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டோம்.

ஒன்பது வயது பொமரேனியன். என் மகள் அதைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது. மகள் பிளஸ் டூ. பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. உத்தமபாளையத்தில் எங்கள் தெருவில், பரீட்சை முடிகிற வரைக்கும் பிள்ளைகள் காதில் கெட்ட செய்தி எதுவும் விழாது. போன வருடம் எதிர்வீட்டுப் பெண்ணிடம் அவள் பெரியப்பா செத்ததையே கணக்குப் பரீட்சை எழுதி முடித்த பிறகுதான் சொன்னார்கள். அதை யாரும் தப்பாகப் பேசவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அன்று சாயங்காலம் மகள் கொல்லையிலிருந்து வந்து சொன்னாள். "அம்மா, தம்பி வெள்ளையா வெளிக்கிப் போறான். சுண்ணாம்பக் கரைச்சு ஊத்துன மாதிரி இருக்கு."

"பால் குடிச்சிருப்பான். நீ போயிப் படி ஆத்தா."

"ஒண்ணுக்கு மட்டும் டிகாஷன் கலர்ல போறாம்மா."

"நீ உயிரியல் பரீட்சைக்குப் படிக்கிறியா, நாய் பின்னாடி போயி ஆராய்ச்சி பண்றியா?"

முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் அறிவியல் ஆசிரியை. கல்லீரல், பித்தப்பை, அங்கிருந்து சிறுகுடலுக்குப் போகிற பித்தநாளம் எல்லாவற்றையும் வருடா வருடம் கரும்பலகையில் வரைகிறவள். மலத்துக்கு நிறம் தருவதே பித்தம்தான் என்று பிள்ளைகளை எழுதவைக்கிறவள். சுண்ணாம்பு மாதிரி என்று மகள் சொன்னபோது என் மண்டையில் ஒன்றுமே ஓடவில்லை. மஞ்சள் என்றால் காமாலை, காமாலை என்றால் பச்சிலை. அவ்வளவுதான் ஓடியது. எனக்கே கல்லூரிக் காலத்தில் காமாலை வந்து, தேவதானப்பட்டிப் பக்கம் ஒருவர் கொடுத்த பச்சிலையில்தான் சரியானது.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் தேவதானப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். என் கணவர் ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போய்விட்டார். வைத்தியர் வீட்டு வாசலில் முப்பது பேராவது இருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி, கண்ணெல்லாம் மஞ்சளாக ஒரு கிழவர். அந்த வரிசையில் நின்றுகொண்டு நாய்க்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"யாருக்குத்தா?" என்றார் வைத்தியர்.

"மகளுக்கு."

"எங்க புள்ள?"

"பரீட்சைங்க. வர முடியல."

"கண்ணு முழிச்சுப் படிச்சா உடம்புல சூடு ஏறத்தான செய்யும். மூணு நாள், வெறும் வயித்துல, மோர்ல கலக்கிக் குடு. உப்பு, எண்ணெய் ஆகாது." அரைத்த பச்சிலையை மூன்று உருண்டையாக இலையில் மடித்துக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே நினைப்பு. நன்றாக இருக்கிற பிள்ளைக்குக் காமாலை என்று வாயால் சொல்லிவிட்டோமே. வீட்டுக்கு வந்ததும் வெளிச்சத்தில் நிறுத்தி அவள் கண்ணைப் பார்த்தேன். "என்னம்மா?" என்றாள். தூசி என்றேன்.

மூன்று நாளும் கணவர் நாயின் வாயைப் பிடித்துக்கொள்ள, நான் ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை ஊற்றினேன். செவ்வாய் சாயங்காலம் அது எழுந்து நிற்கவில்லை. காதின் உள்பக்கம் மஞ்சள்தூள் பூசியது போல் ஆகிவிட்டது.

"டீச்சர் வைத்தியம் போதும். தேனிக்குத் தூக்கிட்டுப் போவோம்" என்றார் கணவர்.

புதன்கிழமை தேனியில் கால்நடை மருத்துவமனையில், மேசைமேல் வயிற்று மயிரை மழித்து ஸ்கேன் வைத்தார்கள். என் பழைய மாணவிகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண் டாக்டருக்கு. திரையில் ஒரு கறுப்பு உருண்டையைக் காட்டினார். "இதுதான் பித்தப்பை. ரொம்ப ஊதியிருக்கு. உள்ள பித்தம் தண்ணியா இல்ல, களி மாதிரி இறுகிப் போச்சு. அது இறங்கி இந்த நாளத்தை அடைச்சிருக்கு. கல்லீரல்ல சுரக்கிறதுக்கு வெளிய போக வழியில்ல. மோஷன் என்ன கலர்ல போச்சு?"

கணவர் என்னைப் பார்த்தார்.

"வெள்ளையா" என்றேன்.

"எப்ப இருந்து?"

"சனிக்கிழமை."

"இன்னைக்குப் புதன்." அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். "மருந்தில சரியாகாது. திறந்து அடைப்பை எடுக்கணும். பை உள்ளயே கிழிஞ்சுட்டா காப்பாத்துறது கஷ்டம். ஆனா இப்பவே கத்தி வைக்க முடியாது. பித்தம் குடலுக்குப் போகலைன்னா வைட்டமின் கே உடம்புல சேராது, ரத்தம் உறையாது. ஊசி போட்டு நாளைக்குக் காலையில பார்ப்போம். நாட்டு மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லை" என்றேன்.

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகளிடம், குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள், இரண்டு நாளில் வந்துவிடும் என்றோம். மறுநாள் அவளுக்கு உயிரியல் பரீட்சை. நம்பினாளா என்று தெரியவில்லை. தட்டில் இருந்த இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள்.

வியாழக்கிழமை காலை டாக்டர் ஒரு தாளை நீட்டினார். மயக்க மருந்தில் உயிர் போகலாம், ரத்தம் நிற்காமல் போகலாம், சம்மதம். கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "நாய்க்கு ஆப்ரேசனா? எங்க வீட்டுக்காரருக்கே பித்தப்பையில கல்லு. வாய்யான்னா வரமாட்டேங்குறாரு. நீங்க இங்கன நாயக் கூட்டியாந்திருக்கீக" என்றார். கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் தாளோடு நடந்துபோய் ஆபரேஷன் அறைக் கதவில் கை வைத்துவிட்டார்.

"டாக்டர்." ஓடிப்போய் நின்றேன். "நேத்து கேட்டீங்கள்ல. குடுத்தோம். காமாலைப் பச்சிலை. மூணு நாள்."

திரும்பி என்னைப் பார்த்தார். "நேத்து ஏன் சொல்லல?"

"நான் சயின்ஸ் டீச்சர்."

"அதுக்காகவா மறைச்சீங்க?" குரல் உயரவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. "மாடு வச்சிருக்கவங்க ஒண்ணுவிடாம சொல்லிருவாங்க மேடம். படிச்சவங்ககிட்டதான் எங்களுக்குக் கஷ்டம். சில இலையால ரத்தம் உறையாமப் போகும். என்ன இலை? எவ்வளவு? கடைசியா எப்ப?"

என்ன இலை என்று எனக்குத் தெரியாது. பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டை, செவ்வாய்க்கிழமை காலை என்றேன். அவர் உள்ளே போய் மறுபடி கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயைக் கையில் பொத்திக்கொண்டு வந்தார். எங்கள் முன்னாலேயே நின்று, கடிகாரத்தைப் பார்ப்பதும் குழாயைச் சாய்ப்பதுமாக இருந்தார். சாய்க்கும்போதெல்லாம் ரத்தம் ஓடியது. மறுபடி சாய்த்தார். ஓடியது. என் கணவர் என் முழங்கையைப் பிடித்திருந்த இடம் வலித்தது. பிறகு ஒரு தடவை ஓடவில்லை. அப்படியே நின்றது.

"உறையுது. உள்ள கொண்டுபோறேன்."

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. உதவியாளர் வெளியே வந்தார். "பை கிழியுற நெலமையில இருக்குங்க. குடல் பக்கமிருந்து நாளத்துக்குள்ள சின்னக் குழாய் விட்டு, உப்புத் தண்ணி ஏத்திப் பாக்குறாக. போகமாட்டேங்குது. நாளம் தொறந்தாத்தான் பைய எடுக்க முடியும்."

"தொறக்கலைன்னா?"

"பாக்குறாக."

அவர் உள்ளே போனதும் போன் அடித்தது. மகள். பரீட்சை முடிந்து தோழியின் அம்மா போனிலிருந்து பேசினாள். பரீட்சை எப்படி என்று சொல்லவில்லை. "தம்பி எப்படிம்மா இருக்கான்?"

நல்லா இருக்கான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் செத்துப்போயிருந்தால்? அப்புறம் எந்த முகத்தோடு சொல்வது? எல்லாவற்றையும் சொன்னேன். பித்தநாளம் அடைத்தது, இப்போது வயிற்றைத் திறந்து வைத்திருப்பது, பச்சிலை கொடுத்து மூன்று நாளை வீணாக்கியது.

"அன்னைக்கே சொன்னேன்லம்மா" என்றாள். வைத்துவிட்டாள்.

டாக்டர் கதவைத் திறந்தபோது அவர் முகக்கவசம் நனைந்து ஒட்டியிருந்தது. "நாலாவது தடவைதான் வழி விட்டுச்சு. தண்ணி தடையில்லாமப் போகுது. பையை எடுத்துட்டேன்." தட்டில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்புப் பச்சையில் ஒரு பை, அறுத்த இடத்தில் பிதுங்கி நின்ற களி. "இன்னும் மூணு நாள் தாண்டணும். வயித்துக்குள்ள கசியலாம், கிருமி தொத்தலாம். நான் இப்ப எதுவும் சொல்லமாட்டேன்."

மகள் சீருடையோடு, பரீட்சை அட்டையைக் கையில் பிடித்தபடி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினாள். என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கூண்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். வயிற்றில் கட்டுப் போட்டு, காலில் சொட்டு மருந்தோடு, நாய் நாக்கைக் கொஞ்சம் வெளியே விட்டபடி கிடந்தது. கம்பிக்குள் இரண்டு விரலை விட்டு அதன் பாதத்தைத் தொட்டாள். அது கண்ணைத் திறக்கவில்லை. பாதத்தை மட்டும் இழுத்துக்கொண்டது.

டாக்டர் வந்ததும் எழுந்து நின்றாள். "டாக்டர், உங்க நம்பர் எனக்குக் குடுங்க. எதுன்னாலும் எங்கிட்ட நேரா சொல்லுங்க."

"உனக்குப் பரீட்சை இருக்காமே?"

"இன்னும் ஒண்ணு இருக்கு. எழுதிருவேன். செத்துப்போனாலும் எங்கிட்டதான் முதல்ல சொல்லணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சரி என்று தலையசைத்தேன். மகள் அதற்காகக் காத்திருக்கவில்லை. வினாத்தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பேனாவைத் திறந்துவிட்டாள். டாக்டர் எண்ணைச் சொல்லச் சொல்ல எழுதினாள். பிறகு எந்த மருந்து எத்தனை மணிக்கு, எப்போது தண்ணீர் காட்டலாம், எதைக் கண்டால் உடனே கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். நான் அவள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டேன்.