ரொறன்ரோ நேரத்துத் திதி

எங்கள் கோவிலுக்குத் திதி நினைவூட்டும் செயலியை எழுதிக் கொடுத்தவன் நான். ஓய்வுபெற்ற பொறியியலாளன் என்ற முறையில் அதை அரைகுறையாகச் செய்ய மனம் ஒப்பவில்லை. குறித்த நேரத்தில் தானாகவே இயங்கும் பணியொன்றைச் சேர்வர் கணினியில் அமைத்தேன். அது விடியற்காலையில் இயங்கி, மறுநாள் எவருடைய திதி என்று கணித்து, குடும்பத்தாருக்குச் செய்தி அனுப்பும். சேர்வரின் கடிகாரம் கிரீனிச் நேரத்தில் ஓடியது. ஆகவே ரொறன்ரோ நேரத்தையே கொள்ளுமாறு அப்பணிக்குத் தனியே கட்டளையிட்டேன். திதியையும் இந்நகரத்துக்கே கணித்தேன். யாழ்ப்பாணத்துக் கலண்டர் இங்கே ஒருநாள் பிந்தக்கூடும் என்று கோவில் மண்டபத்தில் படம் போட்டு விளக்கியபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

முதல் மாதமே டோர்செட் பார்க் பகுதியிலிருந்து கணவரை இழந்த அம்மையார் ஒருவர் அழைத்தார்.

"அண்ணை, உங்கட மெசேஜ் வியாழன் எண்டுது. என்ர கலண்டர் வெள்ளி எண்டுது."

"வியாழன்தான் சரி. கலண்டர் யாழ்ப்பாணத்து நேரத்துக்குப் போட்டது."

"அவர் உயிரோட இருக்கேக்க அந்தக் கலண்டரைப் பாத்துத்தான் மச்சம் மாமிசம் விடுறவர். இப்ப மட்டும் உங்கட கொம்பியூட்டரைப் பாத்தே வருவார்?"

அடுத்து கோவில் தலைவர் அழைத்தார்.

"சனம் ஐயரோட சண்டை பிடிக்குது. சத்தம் போடாமல் கலண்டருக்கு மாத்திவிடுங்கோ, அண்ணை."

"கணிப்பில் பிழையில்லை."

"ஆர் பிழை எண்டது? நீங்கள் சரியாவே இருங்கோ. சனம் வெள்ளிக்கிழமை வரட்டும்."

மாற்றினால் மண்டபத்தில் நான் பேசிய பேச்சு என்னாவது? மாற்றாவிட்டால் செயலியையே நிறுத்திவிடுவார்கள். எனவே கலண்டர்ப்படி இயங்கும் இரண்டாவது பணியொன்றை அமைத்து, விரும்பியவர்கள் அதற்கு மாறலாம் என அறிவித்தேன். குடும்பம் குடும்பமாக மாறினார்கள். அன்னதான வரிசையில் ஒருவர், பலர் கேட்க, "அண்ணை, நீங்கள் எதில?" என்றார். "ரொறன்ரோவில்" என்றேன். சொன்னபின் நான் மாற வழியில்லை.

என் தாயாரின் திதிக்கு முந்திய காலை, அந்த முதற்பணி எனக்கு மட்டும் செய்தி அனுப்பியது. மனைவி அதைப் பார்க்கக்கூட இல்லை.

"இஞ்சேருங்கோ, கலண்டர்ல நாளைக்கில்லை, நாளையிண்டைக்கு. உங்கட தங்கச்சியாக்களும் அண்டைக்குத்தான் வருகினம்."

மறுநாள் மேசையில் மீன்குழம்பு இருந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லி மோர் குடித்தேன். அதற்கடுத்த நாள், வந்தவர்களோடு அமர்ந்து மீண்டும் விரதம் இருந்தேன்.