மாஸ்டர் சொன்ன இருபது கட்டு

இண்டைக்குக் காலமை, கிராமச் சபைத் தேர்தலுக்கு நிக்கிற மாஸ்டர் வோட்டுக் கேட்டு எங்கட வீட்டை வந்தவர்.

"கரையில தண்ணிக்குள்ள நிக்கிற கண்டல் மரம் அழிஞ்சா இறாலும் இல்லை, மீனும் இல்லை. நான் வெண்டா ஒருத்தரும் ஒரு கொப்பும் வெட்ட ஏலாது" எண்டார். எனக்கும் அது சரியாத்தான் பட்டது.

அந்த நேரம் பாத்துக் கண்டல் விறகு விக்கிற பாத்தும்மா ராத்தா தலைச்சுமையோட வந்திட்டா. "அப்ப நான் என்னத்தை வித்துச் சீவிக்கிறது?" எண்டு கேட்டா.

மாஸ்டர் போகேக்க படலையடியில நிண்டு மெதுவாச் சொன்னார்: "ராத்தா, தேர்தலுக்கு முந்தி எங்கட வீட்டிலயும் இருபது கட்டுப் போட்டு விடுங்கோ. பிறகு கிடைக்காதெல்லே."

எதிர்த்து நிக்கிறவரும் கண்டலைக் காப்பாத்தப் போறாரோ எண்டு ராத்தா கேக்கிறா. தெரிஞ்சவை சொல்லுங்கோ. அப்பிடியெண்டா அவருக்கும் இருபது கட்டு அவ இப்பவே வெட்டி வைக்கோணுமாம்.